கலெக்டர் பெரியம்மா

விக்கிரவாண்டி என்றதும் தமிழ்நாட்டு ஜனங்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, டோல்கேட். தீபாவளி, பொங்கலுக்கு சென்னையே பெட்டி படுக்கையோடு தெற்கே கிளம்பும்போது டி.வி.யில் கண்ணுக்கெட்டின தூரம்வரை கார் வரிசை காட்டுவார்களே, அதே இடம்தான். இரண்டாவது, ராத்திரி பஸ் நிற்கிற மோட்டல்கள். "டீ, காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம், பத்து நிமிஷம்" என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டுவார். தூக்கக் கலக்கத்தோடு இறங்குவீர்கள். டீயின் விலையைக் கேட்டால் அப்புறம் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் தூக்கமே வராது.

ஆனால் எங்கள் ஊரில் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு ரோடு பிரிந்து போகிறது. அதை யாரும் சீந்துவதில்லை. பண்ருட்டி, வடலூர், கும்பகோணம் என்று போய் தஞ்சாவூரில் முடிகிறது. சுமார் 165 கிலோமீட்டர். வழியில் பலாப்பழம் உண்டு, முந்திரி உண்டு, நெய்வேலி நிலக்கரி உண்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பொம்மை ரோடு'.

சிரிக்காதீர்கள். இந்த ரோட்டில் முதல் பெரிய ஊர் பண்ருட்டி. கொலு பொம்மைக்குப் பேர் போனது. கடைசி ஊர் தஞ்சாவூர். தலையாட்டி பொம்மைக்கு உலகப் பிரசித்தம். ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் விழுப்புரம் பக்கம் திரும்பினால் காகிதக்கூழ் பொம்மை செய்கிற குடும்பங்கள், களிமண்ணும் கிழங்கு மாவுமாக விநாயகர் செய்கிற அய்யூர் அகரம். கிழக்கே புதுச்சேரி எல்லைக்குள் போனால் திருக்கனூர். அந்த ஊர் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். ஆக, டோல்கேட்டில் நீங்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிற இடம், பொம்மை தேசத்தின் வாசல்.

'ஆம்பளைக்கு எதுக்கய்யா பொம்மை?' என்று நீங்கள் ஆபீஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. உங்கள் மேஜை மேல் ஸ்பைடர்மேன் ஒன்று வைத்திருக்கிறீர்களே, அது என்ன, குலதெய்வமா? காரின் டேஷ்போர்டில் ஸ்பிரிங் கழுத்தோடு ஒரு நாய்க்குட்டி தலையாட்டுகிறதே, அது என்ன, உதிரி பாகமா?

பொம்மை சேர்ப்பது உலகத்தில் பெரிய வியாபாரம் சார். 1959 மார்ச் 9-ம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி என்கிற அம்மணி முதன்முதலாகத் தரிசனம் கொடுத்தார். விலை 3 டாலர். ரூத் ஹேண்ட்லர் என்கிற பெண்மணியின் யோசனை. 2010-ல் நியூயார்க்கில் ஒரு பார்பி ஏலம் போனது. கழுத்தில் நிஜ வைரம். விலை 3,02,500 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல். (நல்லவேளை, பணம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போயிற்று.) ஜெர்மனியில் பெட்டினா டார்ஃப்மன் என்கிற அம்மையார் 15,000 பார்பி வைத்திருந்ததற்காக 2011-ல் கின்னஸில் இடம் பிடித்தார். நமக்கு ஒரு சம்சாரத்துக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாலே மாசக் கடைசியில் மூச்சு வாங்குகிறது.

இந்தப் பழம்பொம்மை ஆசாமிகளுக்கு சில கறார் சட்டங்கள் உண்டு. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் உச்ச விலை. பிரித்துவிட்டால் பாதியில் விழும். குழந்தை விளையாடியிருந்தால் இன்னும் விழும். உடைந்ததை ஒட்டியிருந்தால், தலைமுடியை வெட்டியிருந்தால், அதைவிட மோசமாக மறுபடி சாயம் பூசியிருந்தால்... போச்சு! அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதாவது, எந்தக் குழந்தையும் தொடாத பொம்மைதான் உசத்தி. பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. நாற்காலியில் யாரும் உட்காராதவரை தேய்மானம் இல்லை என்பது சரி. அப்புறம் நாற்காலி எதற்கு?

இப்படி இல்லாமல் வேறு மாதிரி சேர்த்தவரும் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். கார்ட்டூனிஸ்ட் சங்கர். 1950-களின் ஆரம்பத்தில், அவர் குழந்தைகளுக்காக நடத்திய போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையைக் கொடுத்தார். பார்த்த மாத்திரத்தில் சங்கருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதன்பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு பொம்மையோடுதான் திரும்பினார். சில நூறு சேர்ந்ததும் ஊர் ஊராக எடுத்துப் போய்க் குழந்தைகளுக்குக் காட்டினார். கட்டிப் பிரித்துக் கட்டிப் பிரித்துப் பொம்மைகள் உடைய ஆரம்பித்தன. கண்காட்சியைப் பார்க்க வந்த நேருவிடம் இதைச் சொல்ல, நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்கிற பேச்சு எழுந்தது. 1965 நவம்பர் 30-ம் தேதி டெல்லியில் சங்கர் சர்வதேச பொம்மை மியூசியத்தைத் திறந்து வைத்தவர் ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன். இன்று அங்கே பல நாட்டுப் பொம்மைகளாக ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டெல்லி போகிறவர்கள் குதுப்மினாரோடு நின்றுவிடாமல் அதையும் பாருங்கள்.

டெல்லி வரை போக லீவ் கிடைக்காதவர்களுக்குப் புரட்டாசி இருக்கவே இருக்கிறது. சென்னையில் அண்ணா சாலை பூம்புகாரில் வருஷாவருஷம் கொலு பொம்மைக் கண்காட்சி வைக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் இந்தியா முழுக்க மரத்திலும் மண்ணிலும் அடுக்கி வைத்திருக்கும். மைசூர் ரோட்டு சென்னபட்டணத்தின் வழவழப்பான அரக்குச் சாய பொம்மை, ஆந்திராவின் கொண்டப்பள்ளி மர பொம்மை, நம்ம காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருச் சரக்கு, பண்ருட்டி செட், தஞ்சாவூர் செட் என்று கண் கொள்ளாது. கூட்டத்தில் தொண்ணூறு சதவிகிதம் பெண்கள். மீதிப் பத்து சதவிகிதம், பை தூக்க வந்த ஆண்கள். பை தூக்க வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்களும் அவங்களுக்காக வெயிட்டிங்கா சார்?" என்று பரிதாபமாகக் கேட்டார். "இல்லை, பொம்மை பார்க்க வந்தேன்" என்றதும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

கொலு பொம்மையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் பார்த்தே வருஷம் சொல்லலாம். அத்திவரதர் சயனக் கோலத்தில் இருந்தால் 2019 அல்லது அதற்குப் பிறகு. நாற்பது வருஷம் கழித்து அந்த வருஷம்தான் குளத்திலிருந்து வெளியே வந்தார். முகக்கவசம் போட்ட டாக்டரும் நர்ஸும் இருந்தால் 2020. நிலாவில் ராக்கெட் இறங்கினால் 2023, சந்திரயான் புண்ணியம். காந்தி, நேரு, பாரதியார் வரிசைக்கு வருஷம் சொல்வதுதான் கஷ்டம். அவர்கள் எல்லா வருஷமும் வருவார்கள். செட்டியாரும் அப்படியே. பத்து கல்யாண செட்டும் இருபது கிரிக்கெட் செட்டும் வந்து போய்விட்டன. அரிசி, பருப்பைப் பரப்பிக்கொண்டு அந்த மனுஷன் கல்லாவை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

செய்கிற விதமும் லேசுப்பட்டதல்ல. பழைய காகிதத்தை ஊறப்போட்டுக் கூழாக்கி, பசையும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்து, முன்பாதிக்கு ஒரு அச்சு, பின்பாதிக்கு ஒரு அச்சு என்று அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டையும் ஒட்டி வெயிலில் காயப்போட வேண்டும். உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை அடித்து, அப்புறம் சாயம். கடைசியாகக் கண். கண் எழுதுகிறவரை அது வெறும் காகிதம்தான். மழை பிடித்துக்கொண்டால் காயாது. புரட்டாசி வடதமிழ்நாட்டில் எப்படிப்பட்ட மாசம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒன்பது நாள் வியாபாரத்துக்குக் கோடையிலிருந்தே வேலை. நாம் மார்ச் மாதக் கணக்கு முடிப்பதற்கே 'ஓவர்டைம்' கேட்கிறோம்.

கலெக்டர் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். பழைய தென்னாற்காடு பிரிந்து விழுப்புரத்துக்குத் தனிக் கலெக்டர் வந்தது 1993-ல். அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊரில் ஒரு கலெக்டர் இருந்தார். எங்கள் பெரியம்மா.

கொலு வைக்கிற வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். இப்படி ஐம்பது வருஷம் செய்கிற ஒருவருக்கு ஊரெல்லாம் வைக்கிற பெயர் 'மாமி' அல்லது 'பெரியம்மா'. அதையே பாரிஸிலோ பெர்லினிலோ செய்தால் பெயர் 'கலெக்டர்'. பழசும் புதுசுமாக, வருஷ வாரியாக, படி வாரியாக அடுக்கி, ஒன்பது நாள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கு டிக்கெட் கேட்காமல் சுண்டல் கொடுக்கிற மியூசியம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

பெரியம்மாவுக்கு இப்போது 77 வயது. போன வருஷம் பெங்களூரிலிருக்கும் அண்ணன், "நீ தனியா அங்க இருக்க வேணாம், இங்க வந்துடு" என்று முடிவாகச் சொல்லிவிட்டான். அவனுடையது இரண்டு பெட்ரூம் பிளாட். பெரியம்மாவுக்கு இடம் இருக்கிறது. பொம்மைகளுக்கு இல்லை. "அஞ்சாறு நல்லதா எடுத்துக்கிட்டு, மத்ததை யாருக்காச்சும் குடுத்துடலாம்மா" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. பிளாட்டில் ஒரு பொம்மைக்கு ஆகிற சதுர அடி விலையைக் கணக்குப் போட்டால் பார்பியே தோற்றுவிடுவாள்.

பெரியம்மா எனக்கு போன் செய்தார். "டேய், நீ கணக்குதானே படிச்ச? ஞாயித்துக்கிழம வா. ஒரு நீட்டு நோட்டு வாங்கிட்டு வா."

போனேன். பரணிலிருந்து நாலு டிரங்குப் பெட்டி இறங்கியது. ஒவ்வொரு பொம்மையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள் சுற்றி, மூலைக்கு மூலை நாப்தலின் உருண்டை. அந்தச் செய்தித்தாள்களே ஒரு கண்காட்சி. ஒரு கிருஷ்ணரைப் பிரித்தால் எம்.ஜி.ஆர். முதல்வராக அடிக்கல் நாட்டுகிறார். ஒரு தவில்காரரைப் பிரித்தால் கவாஸ்கர் அவுட். எனக்குப் பொம்மையைப் பார்ப்பதா, பேப்பரைப் படிப்பதா என்று தெரியவில்லை. "முதல்ல எழுதுடா, அப்புறம் படி" என்று அதட்டு விழுந்தது.

நோட்டில் கோடு போட்டேன். வரிசை எண், பொம்மை, வருஷம், வாங்கின இடம், விலை, நிலை. ஸ்டாக் ரிஜிஸ்டர்!

ஒன்றாம் எண், மரப்பாச்சி ஜோடி. 1968. பெரியம்மாவின் கல்யாணத்தில் தாய்வீட்டுச் சீர். செம்மரம். (இன்றைக்கு செம்மரம் என்று வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருக்கிறது.) நிலை: பெண் பொம்மையின் கையில் பல் தடம். "அது உங்க அண்ணன் கடிச்சது. பல்லு மொளைக்கறப்ப" என்றார். வெளிநாட்டுக் கலெக்டர் இதற்கு விலையில் பாதியைக் குறைப்பார். பெரியம்மா அந்தத் தடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினார்.

அடுத்தடுத்து வந்ததெல்லாம் பண்ருட்டிச் சரக்கு. பெரியப்பா அங்கே ஒரு முந்திரி மண்டியில் கணக்கு எழுதினார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவார். பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருகிற ஜாதி இல்லை அவர். ஆனால் வருஷம் ஒரு பொம்மை, தவறாமல். கீழே வைத்தால் உடைந்துவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். "பக்கத்து சீட்டுக்காரன் இவரு மடியில தூங்கி விழுந்து ஒரு தடவை தசரதர் மூக்கு போச்சு." 1974, தசரதர், ஆறு ரூபாய், மூக்கு இல்லை. எழுதினேன்.

பெரியம்மாவுக்கு இப்போதெல்லாம் காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பது மறந்துவிடுகிறது. என் பெயரையே இரண்டு தடவை மாற்றிக் கூப்பிட்டார். ஆனால் 1979-ல் வாங்கிய குறவன் குறத்தி ஜோடிக்கு என்ன விலை சொன்னான், பெரியப்பா எவ்வளவுக்கு அடித்துப் பேசினார் என்பது பைசா சுத்தமாக வந்தது. எனக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் கணக்குக்கு இருக்கிற ஒரே புத்தகம் இந்தத் தலைதான். வேறு நகல் கிடையாது.

ஜப்பானில் நடந்த ஒரு சமாசாரம் ஞாபகம் வந்தது. 1927-ல் அமெரிக்காவில் சிட்னி குலிக் என்கிற பாதிரியார், இரண்டு நாட்டுக் குழந்தைகளும் நட்பாக இருக்கட்டும் என்று 12,739 பொம்மைகளைத் திரட்டி ஜப்பான் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்போர்ட்! ஜப்பான் பதிலுக்கு 58 பெரிய பொம்மைகளை, ஊருக்கு ஒன்றாகப் பெயர் வைத்து அனுப்பியது. பதினாலே வருஷத்தில் சண்டை வந்துவிட்டது. எதிரி நாட்டுப் பொம்மை என்று ஜப்பானில் ஏகப்பட்டதை எரித்துப் போட்டார்கள். சில வாத்தியார்கள் மனசு வராமல் ஒளித்து வைத்ததில் சில நூறு பிழைத்தன. அமெரிக்கா போன 58-க்கு வேறு கஷ்டம். ஊர் ஊராகக் காட்டப் போனபோது பெட்டியும் பெயர்ப்பலகையும் மாறிப் போய், அவற்றில் பல பொம்மைகள் வேறு ஊர்ப் பெயரோடு நிற்கின்றன. உடம்பு பத்திரமாக இருக்கிறது. யார் என்பதுதான் தொலைந்துவிட்டது.

அதனால் வேகமாக எழுதினேன். 1983, 1984, 1985... வரிசையாக வந்து 1986-ல் நின்றது.

"1986 என்ன பெரியம்மா?"

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தபால்காரரை எடுத்தார். காக்கிச் சட்டை, தோளில் பை, மீசை. பொம்மை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மீசை ஒரு பக்கம் தூக்கலாக, கண் இரண்டும் ஒரே மாதிரி இல்லாமல்... பண்ருட்டிக் கை இப்படி எழுதாதே!

"எவ்ளோ விலை?"

"ஒண்ணும் கிடையாது. சைபர் போடு."

பேனாவை நிறுத்தினேன்.

"அந்த வருஷம் மண்டிய மூடிட்டாங்கடா. உங்க பெரியப்பாவுக்கு ஆறு மாசம் வேலை இல்ல. பசங்ககிட்ட சொல்லல. தெனம் காலைல சட்டைய மாட்டிக்கிட்டு விழுப்புரம் போயி, ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்துட்டு வருவாரு. கொலு வந்துடுச்சி. புது பொம்மை எங்கன்னு பசங்க கேக்கும். என்ன பண்ணுவேன்? பழைய போலீஸ்காரர் பொம்மை ஒண்ணு லத்தி ஒடஞ்சி கெடந்துச்சி. உங்க அண்ணனோட பழைய நோட்டுப் பேப்பரை ஊறப்போட்டு, வெந்தயம் சேத்து ஆட்டி, கூடை செய்வோம் பாரு, அதே மாதிரி. அதுல ஒரு பை பண்ணி தோள்ல ஒட்டினேன். அவன் டிராயிங் பெட்டியில இருந்த சாயத்தை எடுத்துத் தொப்பிய மாத்தினேன், மூஞ்சிய மாத்தினேன்."

போலீஸ் டிபார்ட்மென்டிலிருந்து தபால் டிபார்ட்மென்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாக டிரான்ஸ்ஃபர். எந்த கெஜட்டிலும் வராத ஆர்டர்.

"ஏன் பெரியம்மா, தபால்காரர்?"

"வேலைக்கு ஆர்டர் வரணும்னு எங்கெங்கியோ எழுதிப் போட்டிருந்தாரில்ல... எடுத்துட்டு வரட்டும்னுதான்."

"பெரியப்பா என்ன சொன்னாரு?"

"படியில பாத்தாரு. ஒண்ணும் பேசல. பசங்க ஓடி வந்து, 'அப்பா, இது பண்ருட்டியா?'ன்னு கேட்டுதுங்க. 'ஆமா, மடியில வெச்சி எடுத்தாந்தேன்'னாரு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியம்மாவே, "தையில ஆர்டர் வந்துடுச்சிடா, கூட்டுறவு சொசைட்டியில. எழுது" என்றார்.

என்னத்தை எழுதுவது? 'நிலை' என்கிற கட்டத்தில் பேனா நகரவில்லை. கலெக்டர்கள் சட்டப்படி பார்த்தால், ஒட்டு வேலை செய்தது, மறு சாயம் பூசியது, அசல் உருவமே மாறியது. மதிப்பு ஏலத்தில் பூஜ்யத்துக்கும் கீழே. வாங்கின விலையும் சைபர். ஆனால் அந்த 112 உருப்படியில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால், அத்தனை பேரையும் விட்டுவிட்டு நான் அந்தக் கோணல் மீசைக்காரரைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பி.காம். பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு சொத்து வரும். கண்ணுக்குத் தெரியாது, கையில் தொட முடியாது, ஆனால் கம்பெனியே அதன்மேல்தான் நிற்கும் என்பார் எங்கள் புரொபசர். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. அர்த்தம் அன்றைக்குத்தான் பிடிபட்டது.

கடைசியில் நோட்டில் ஏழாவதாக ஒரு கோடு போட்டு, 'விவரம்' என்று தலைப்புக் கொடுத்து, பெரியம்மா சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். "இதையும் அண்ணனுக்கு அனுப்பவா? வேணாமா?" என்று கேட்டேன்.

"அனுப்பு. அவனுக்கும் அம்பது ஆகப்போவுது. தாங்குவான்."

பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி கழித்து அண்ணனிடமிருந்து போன். எப்போதும் ஸ்பீடாகப் பேசுகிறவன், அன்றைக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தான். "தபால்காரரை யாருக்கும் குடுத்துடாதடா" என்றான். அப்புறம், "தசரதரையும்." அப்புறம், "மரப்பாச்சியில இருக்கிற பல்லு என்னோடதா?" என்றான். கடைசியில் ஹால் சோபாவைத்தான் விற்றார்கள். எல்லாப் பொம்மையும் பெங்களூர் போகவில்லை. முப்பது போயின. மீதியைத் தெருவில் புதிதாகக் கொலு வைக்க ஆரம்பித்திருக்கும் இரண்டு வீடுகள் எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றோடும் அதன் பக்கத்து ஜெராக்ஸும் போயிற்று. பெயரோடு, ஊரோடு, விலையோடு, கதையோடு. பாஸ்போர்ட் மாதிரி.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டைத் தியாகம் செய்யுங்கள். பொம்மையை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பழைய சாயம் கூடவே வந்துவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். செய்தித்தாளை நேராகப் பொம்மைமேல் சுற்றினால் மை ஒட்டும். உள்ளே பருத்தித் துணி வேண்டும். அடிப்பாகத்தில் பென்சிலால் ஒரு நம்பர் எழுதுங்கள், பேனா வேண்டாம். அந்த நம்பருக்கு எதிரே நோட்டில் எழுதுங்கள். விலை தெரியாவிட்டால் பரவாயில்லை. யார், எப்போது, எதற்காக என்பது தெரிந்த ஒருத்தர் இன்னும் வீட்டில் இருக்கிறார். அவரைக் கேளுங்கள். ஆபீசில் ஆடிட்டர் வந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து எழுதுகிறோம். அம்மாவின் கணக்குக்கு ஒரு பகல் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. நவராத்திரியில் ஆண்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. வாசலில் செருப்புக்குக் காவலாக நிறுத்திவிடுவார்கள். கையில் ஒரு நீட்டு நோட்டோடு போங்கள். "கணக்கு எழுத வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, சுண்டல் இரண்டு தடவை கொடுப்பார்கள். நான் கொண்டைக்கடலை நாளாகப் பார்த்துப் போகிறேன்.